டர்பன் வீட்டில் உடை அறை அமைப்பது: எங்கெல்லாம் தவறும், எப்படித் தவிர்ப்பது

செல்பேசியில் வரும் வாக்-இன் அலமாரிப் படங்களைக் கவனித்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை பத்து, பழுப்புக் கோட்டு நான்கு, தொப்பி ஒன்று. அந்த வீட்டில் யாரிடமும் பட்டுப் புடவை இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளி பிளேசர் இல்லை, இந்தியாவுக்குப் போய்வந்த பெரிய பெட்டிகள் இல்லை, தைப்பூசத்துக்கு மட்டும் வெளியே வரும் மஞ்சள் துணிகளும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் கோடையான ஜனவரி மாதத்து ஈரமான டர்பன் காற்றும் அங்கே அடிப்பதில்லை. அந்தப் படத்தைத் தச்சரிடம் காட்டி "இதே மாதிரி வேண்டும்" என்று சொல்வதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி அதிலிருந்தே பிறக்கிறது.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பழைய வீட்டை நீட்டி உடை அறை சேர்ப்பவர்களையும், உம்ஷ்லங்கா பக்கம் புது வீடு வாங்கி வெறும் அறையாக விட்டு வைத்திருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஜோஹானஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு எது மாறும் என்பதை ஆங்காங்கே சொல்கிறேன். இங்கே தச்சர்களும் பலகைக் கடைக்காரர்களும் மில்லிமீட்டரில்தான் பேசுவார்கள், அதனால் அளவுகள் பெரும்பாலும் மி.மீ.யில்.

முதலில் துணியை அளந்து பாருங்கள், அறையை அல்ல

எல்லாரும் டேப்பை எடுத்துக்கொண்டு நேரே சுவருக்குத்தான் போகிறார்கள். சுவர் எங்கும் ஓடாது. முதலில் இருக்கிற துணியை எல்லாம் வெளியே எடுத்து வகை பிரியுங்கள்: தொங்கவிடுபவை, மடித்து வைப்பவை, ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் தொடுபவை. தொங்குபவற்றை ஒரே ராடில், நெருக்கியடிக்காமல், கையை நுழைத்து ஒன்றை உருவ முடிகிற அளவுக்கு இடம் விட்டு மாட்டுங்கள். அந்த வரிசையின் நீளத்தை அளந்து, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டால் உங்களுக்கு வேண்டிய ராடு நீளம் வந்துவிடும். ஒரு சட்டைக்கு 25 முதல் 30 மி.மீ., கோட்டு அல்லது பிளேசருக்கு 60 மி.மீ.க்கு மேல் என்பது பொதுக் கணக்கு. ஆனால் உங்கள் துணியை நீங்களே அளப்பதுபோல் வராது.

அடுத்து ஒவ்வொரு வகையும் ஹேங்கரோடு சேர்ந்து எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இதுதான். மேலே ஒரு ராடு, கீழே ஒரு ராடு, இடைவெளி 1000 மி.மீ. என்று இரட்டை ராடு போடுவது வழக்கம். சட்டைக்கும் பிளேசருக்கும் அது சரி. பஞ்சாபி உடுப்பு அதில் அடங்காது. முழங்காலுக்குக் கீழே வரும் குர்த்தா ஹேங்கரோடு 1150 முதல் 1250 மி.மீ. வரை இறங்கும், கீழ் ராடில் இருக்கிற துணிமேல் படுத்துக் கசங்கும். குர்த்தாவுக்கு 1300 மி.மீ. உயரத்தில் தனிப் பகுதி ஒதுக்குங்கள், அதன் கீழே இரண்டு டிராயர் வைத்துக்கொள்ளலாம். தரையைத் தொடும் கவுன் வகைகளுக்கு 1650 மி.மீ. வேண்டும், ஆனால் அது ஒரு முழ அகலத்துக்கு இருந்தால் போதும். லெஹங்கா கனமானது. இடுப்புப் பட்டியின் இரு பக்கமும் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும், அதற்கு 1200 மி.மீ. போதும்.

புடவையின் கணக்கே வேறு. ஐந்தரை மீட்டர் புடவையை நீளவாக்கில் மடித்து ஹேங்கர் மேல் போட்டால், அகலத்தில் பாதிதான் கீழே இறங்கும். கொக்கியோடு சேர்த்து 700 மி.மீ.க்குள் அடங்கிவிடும். அதனால் புடவைப் பகுதியில் ராடுகளுக்கு நடுவே 750 மி.மீ. விட்டால் போதும். சட்டைக்கு இரண்டு வரிசை வரும் உயரத்தைவிடக் கொஞ்சம் கூட்டினால் புடவைக்கு மூன்று வரிசை வரும். மடித்த புடவையின் அகலமும் குறைவு என்பதால் அலமாரியின் ஆழம் 450 மி.மீ. இருந்தாலே தாராளம். மூன்றாவது வரிசை 2100 மி.மீ.க்கு மேல் போனால் முக்காலி இல்லாமல் எட்டாது. அங்கே எப்போதோ உடுத்துபவற்றை வைக்கலாம்.

எல்லாப் புடவையையும் தொங்கவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். காட்டன், ஜார்ஜெட், ஷிஃபான் தொங்கட்டும். கனமான காஞ்சிபுரம் பட்டு தட்டில் படுத்திருப்பதே நல்லது. ஜரிகையின் கனம் மடிப்புக் கோட்டை இழுத்து இழுத்து அங்கேயே இழை விட்டுப்போகும். பாட்டி வீட்டு வழக்கம் இதில் சரியானது. பழைய, நன்கு துவைத்த வேட்டித் துணியில் சுற்றி வைப்பது, சில மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மடிப்பை மாற்றி மடிப்பது, ரசகற்பூர உருண்டை ஜரிகையில் படாமல் பார்த்துக்கொள்வது. பிளாஸ்டிக் உறையை வாங்கிய அன்றே கழற்றிவிடுங்கள், இந்த ஊர் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும்.

அறையின் அகலம் எதை அனுமதிக்கிறது

தோள் அகலமுள்ள துணி தொங்க 600 மி.மீ. ஆழம் வேண்டும். மனிதர் நின்று, குனிந்து, டிராயரை இழுக்க 900 மி.மீ. நடைவழி வேண்டும். 750 மி.மீ.யில் ஒல்லியானவர் சமாளிப்பார், இரண்டு பேர் ஒரே நேரத்தில் கல்யாணத்துக்குக் கிளம்பினால் சண்டை வரும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் அலமாரி என்றால் அறைக்கு 1500 மி.மீ. அகலம், இரு பக்கமும் என்றால் 2100 மி.மீ.

சிக்கல் இவற்றுக்கு நடுவில்தான். 1800 மி.மீ. அகல அறையில் இரு பக்கமும் 600 ஆழத்தில் அலமாரி போட்டு, 600 மி.மீ. சந்தில் பக்கவாட்டில் நடக்கிற வீடுகள் ஏராளம். அந்த அறைக்கு ஒரு பக்கம் 600, எதிர்ப்பக்கம் 300 போதும். 300 மி.மீ. ஆழத்தில் மடித்த துணி, செருப்பு, பை, வளையல் பெட்டி எல்லாம் அடங்கும். மடித்த துணிக்கு 350க்கு மேல் ஆழம் கொடுத்தால் பின்னால் இரண்டாவது வரிசை முளைக்கும், அதற்கப்புறம் அங்கே என்ன இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது.

கதவையும் இப்போதே யோசிக்க வேண்டும். இங்கே சாதாரணக் கதவு 813 மி.மீ. அகலம். உள்பக்கம் திறந்தால் நடைவழியை முழுதாக விழுங்கிவிடும், அதன் பின்னால் உள்ள தட்டுகள் கதவை மூடினால்தான் தெரியும். படுக்கையறைப் பக்கம் திறக்கச் செய்யுங்கள், அல்லது தள்ளு கதவு போடுங்கள், அல்லது கதவே வேண்டாம். டர்பனில் நான் கதவில்லாமல் விடுவதற்கே ஓட்டுப் போடுவேன். காரணம் கீழே வருகிறது.

ப வடிவத்தில் மூன்று சுவரிலும் அலமாரி போடுபவர்கள் மூலையில் ஏமாறுவார்கள். இரண்டு ராடுகள் மூலையில் சந்தித்தால் இரு பக்கத்துத் துணியும் ஒன்றின்மேல் ஒன்று முட்டும். வரைபடத்தில் இருந்த ராடு நீளத்தில் 600 மி.மீ. காணாமல் போகும். ஒரு பக்க ராடை மூலைவரை ஓடவிட்டு, மற்றதை அதற்கு 600 மி.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள். அல்லது அடுத்த சுவரில் ராடே வேண்டாம், 300 மி.மீ. தட்டு மட்டும் போதும்.

காகிதத்தில் வரைந்ததை நம்பிப் பலகை வாங்காதீர்கள். ஒட்டுநாடாவால் தரையில் அலமாரியின் அளவைக் குறித்து, டிராயர் முழுக்க இழுபடும் தூரத்தையும் குறித்து, உள்ளே நின்று குனிந்து பாருங்கள். வீட்டில் உயரம் குறைந்தவரையும் நிற்கவைத்துக் கையை உயர்த்தச் சொல்லுங்கள். அவர் கை எட்டும் இடத்துக்குக் கீழேதான் அன்றாடத் துணி இருக்க வேண்டும்.

ஈரம்: இந்த ஊரில் பாதி வேலை இதுதான்

டர்பனில் கோடையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்பது சாதாரணம். 70 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றால் பூஞ்சணம் தலைகாட்டும். முதலில் தோல் செருப்பு, பெல்ட், கைப்பையில் வெள்ளையாகப் படியும், பிறகு கோட்டின் கழுத்துப்பட்டையில், கடைசியில் பட்டில். ஜன்னலில்லாத, கதவு மூடிய, துணி அடைத்த ஓர் அறையை நாமே கட்டுகிறோம். காற்றுக்கு வழி செய்யாவிட்டால் பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரிதான்.

எந்தச் சுவரில் அலமாரி வருகிறது என்று பாருங்கள். நாம் இருப்பது பூமத்தியரேகைக்குத் தெற்கே, இங்கே வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து விழுகிறது. வடக்குச் சுவர் காயும். தெற்குச் சுவரில் குளிர்காலம் முழுக்க வெயிலே படாது. மழையோடு வரும் குளிர்ந்த காற்றும் தென்மேற்கிலிருந்துதான். வாஸ்து பார்ப்பவர்கள் கனமான அலமாரியைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வைக்கச் சொல்வார்கள். அங்கேதான் வைப்பேன் என்றால் வையுங்கள், ஆனால் அது இந்த ஊரில் வீட்டின் ஈரமான மூலை என்று தெரிந்து வையுங்கள்.

சுவர் ஈரமா என்று அறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. அரை மீட்டர் சதுரத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் ஒட்டுநாடா ஒட்டி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது. முதலாவது என்றால் அலமாரி வேலையை நிறுத்திவிட்டு, கூரைநீர்க் குழாய், வெளிச் சுவர் விரிசல், தரையிலிருந்து ஏறும் ஈரம் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். ஈரச் சுவரைப் பலகையால் மூடினால் அது தெரியாமல் போகும், போய்விடாது.

வெளிச்சுவரில் அலமாரி வந்தே ஆக வேண்டுமென்றால் பின்பலகையைச் சுவரோடு ஒட்டாமல் 25 முதல் 30 மி.மீ. இடைவெளி விடுங்கள். கீழே பிளிந்தில், அதாவது அலமாரியின் கால்களை மறைக்கும் முன்பட்டையில், துளைத்தட்டு ஒன்று, மேலே கூரைக்கும் அலமாரிக்கும் நடுவே திறந்த இடம் ஒன்று. அப்போது காற்று கீழே நுழைந்து மேலே வெளியேறும். கூரைவரை அடைத்து அழகாக மூடிவிட்டால் இந்த ஓட்டம் நின்றுவிடும். உள்சுவரில் வரும் பகுதிக்குப் பின்பலகையே தேவையில்லை. நன்றாகப் பெயிண்ட் அடித்த சுவர் போதும், காசும் மிச்சம். அங்கே வழக்கமாகப் போடும் 3 மி.மீ. ஹார்ட்போர்டு ஈரத்தில் நெளிந்துவிடும்.

குளியலறை இங்கே அடுத்த பிரச்சினை. புது வீடுகளில் படுக்கையறை, அதைக் கடந்து உடை அறை, அதைக் கடந்து குளியலறை என்று வரிசையாக அமைப்பது வழக்கமாகிவிட்டது. வென்னீர்க் குளியலின் ஆவி முழுக்கத் துணிமேல் வந்து படியும். குளியலறைக்கும் உடை அறைக்கும் நடுவில் நன்றாக மூடும் கதவு கட்டாயம். காற்றை இழுக்கும் விசிறி வெளிச்சுவர் வழியாக வெளியேற்ற வேண்டும். விசிறியின் குழாயைக் கூரைக்குள் விட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போகிற ஆட்களும் உண்டு, ஏறிப் பாருங்கள்.

கூரைக்குள் ஏறும்போது கெய்சரையும் பாருங்கள். நம் வீடுகளில் வென்னீர்த் தொட்டி கூரைக்குள்தான் உட்கார்ந்திருக்கும், ஒருநாள் வெடித்துக் கசியத்தான் செய்யும். அதற்கு நேர் கீழே உங்கள் பட்டுப் புடவைத் தட்டு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கெய்சருக்கு அடியில் நீர்த்தட்டு இருக்க வேண்டும், அதிலிருந்து குழாய் வீட்டுக்கு வெளியே போக வேண்டும் என்று அதற்கான தேசியத் தரநிலையே சொல்கிறது. தட்டு இல்லாமலோ குழாய் நடுவழியில் நின்றோ இருந்தால் அலமாரிக்கு முன்பே அதைச் சரிசெய்யுங்கள்.

கதவு வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இதுதான். படுக்கையறை ஏசி ஓடும்போது காற்றிலிருந்து ஈரத்தையும் பிழிந்து வெளியேற்றுகிறது. உடை அறை திறந்திருந்தால் அந்தக் காய்ந்த காற்றில் அதற்கும் பங்கு கிடைக்கும். கதவு வைத்தே ஆக வேண்டுமென்றால் வரிச்சட்டம் வைத்த கதவாகப் போடுங்கள், கீழே 20 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவது ஒரு டிராயருக்கு உதவும், அறைக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி. அறைக்கென்றால் மின்சார ஈரநீக்கிதான், அதற்கு ஒரு பிளக் வேண்டும். ஓர் ஈரமானியை மாட்டி 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கப் பாருங்கள்.

ஜோஹானஸ்பர்க் வாசகர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் தாண்டிவிடலாம். அங்கே குளிர்காலம் வறண்டது. உங்களுக்குத் தூசிதான் எதிரி, அதனால் கதவு வேண்டும். வடக்கு ஜன்னல் வெயில் உயரமான இடத்தில் கடுமையாகவே விழும். பட்டின் நிறத்தை அது உறிஞ்சிவிடும், திரையில்லாமல் விடாதீர்கள். கனமான குளிர்காலக் கோட்டுகள் அதிகம் என்பதால் ராடு நீளமும் கூடுதலாக வேண்டியிருக்கும்.

பூச்சிகள்

இங்கே எல்லாரும் ஃபிஷ் மாத் என்று சொல்வது நம் ராமபாணப் பூச்சியைத்தான். அதற்கு மாவுச்சத்து பிடிக்கும். கஞ்சி போட்ட வேட்டியும் காட்டன் புடவையும் அதற்கு விருந்து. நெடுநாள் எடுத்து வைக்கும் துணிக்குக் கஞ்சி போடாதீர்கள், உடுத்தும் முன் போட்டுக்கொள்ளலாம். ஈரம் குறைந்தால் இந்தப் பூச்சியும் குறையும்.

மரவண்டு வேறு ரகம். குவாசுலு-நட்டால் கடற்கரைப் பகுதியில் வீடு விற்கும்போது வண்டு இல்லை என்ற சான்றிதழ் கேட்பது வழக்கமாக இருப்பதே அது எவ்வளவு பரவலானது என்று காட்டும். பழைய பைன் மரச்சட்டங்களை அலமாரிக்குள் மறுபடி பயன்படுத்தும் முன், ஊசித்துளையும் மரமாவும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பலகையும் அறுக்கும் கணக்கும்

பெரும்பாலோர் போடுவது மெலமைன் பூசிய சிப்போர்டு, 16 மி.மீ. தடிப்பு. இங்கே ஒரு முழுப் பலகை 2750க்கு 1830 மி.மீ. இந்த 1830ஐ மனதில் வையுங்கள். 600 மி.மீ. ஆழத்தில் அலமாரி என்றால் அகலவாக்கில் மூன்று பட்டை கிடைக்கும், ரம்பத்தின் கனம் போக மிச்சம் சொற்பம். "கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்" என்று 620 கேட்டால் இரண்டு பட்டைதான் வரும், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பலகை துண்டாக ஒதுங்கும். அந்தத் துண்டை 300 மி.மீ. தட்டுகளுக்குத் திருப்பிப் பயன்படுத்தும் திட்டம் இல்லாதவர் 600ஐத் தாண்டக் கூடாது. பலகைக் கடைகளே அளவுப் பட்டியல்படி அறுத்து ஓரப்பட்டையும் ஒட்டித் தருவார்கள். எல்லா ஓரத்துக்கும் பட்டை கேளுங்கள், கண்ணுக்குத் தெரியாத அடி ஓரத்துக்கும். சிப்போர்டு நீர் குடிப்பது அந்த மூடாத ஓரத்தின் வழியாகத்தான், குடித்தால் ஊதும், ஊதியது பழைய நிலைக்குத் திரும்பாது. குளியலறையை ஒட்டிய பகுதிக்கு ஈரம் தாங்கும் வகைப் பலகை கேட்டு வாங்குங்கள். கதவுகளுக்குச் சூப்பாவுட் என்று இங்கே அழைக்கும் எம்.டி.எஃப். அழகாகத்தான் இருக்கும், ஆனால் எல்லாப் பக்கமும் பெயிண்டோ உறையோ மூடியிருக்க வேண்டும்.

அலமாரி தரையில் நேரே நிற்கக் கூடாது. 100 மி.மீ. உயரப் பிளாஸ்டிக் கால்களில் நிற்கட்டும், முன்னால் பிளிந்து மறைத்துக்கொள்ளும். தரை துடைக்கும் தண்ணீரும், எப்போதாவது கசியும் தண்ணீரும் பலகையைத் தொடாது.

தட்டு தொய்வது இன்னொரு வழக்கமான குறை. ஒரு பட்டுப் புடவையை முக்கால் கிலோ என்று வைத்தால் பன்னிரண்டு அடுக்கியது 9 கிலோ. 900 மி.மீ. தட்டில் அப்படி மூன்று அடுக்கு என்றால் 27 கிலோ. 16 மி.மீ. சிப்போர்டு அதை வருடக்கணக்கில் தாங்காது, நடுவில் வளைந்துவிடும். புடவைத் தட்டுகளை 600 மி.மீ. அகலத்துக்குள் நிறுத்துங்கள். அடுக்கும் ஆறு, எட்டுக்கு மேல் போக வேண்டாம். அடியில் இருப்பதை உருவும்போது மேலே இருப்பது சரியாமல் இருக்க இது வேண்டும், அதனால் தட்டுகளுக்கு நடுவே 250 முதல் 300 மி.மீ. இடைவெளி போதும். ராடும் அப்படியே: ஒரு மீட்டரைத் தாண்டினால் நடுவில் தாங்கி வேண்டும். ராடின் மையம் பின்சுவரிலிருந்து 300 மி.மீ. தள்ளி வரட்டும், மேலே இருக்கும் தட்டுக்கும் அதற்கும் 70 மி.மீ. இடைவெளி. இல்லாவிட்டால் ஹேங்கரைத் தூக்கி எடுக்க முடியாது.

கடலுக்கு அருகில் இருப்பவர்கள் மலிவான முலாம் பூசிய ராடும் கீலும் வாங்காதீர்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்து வெள்ளைச் சட்டையின் தோளில் பழுப்புக் கோடு போடும். அலுமினியமோ நல்ல எவர்சில்வரோ போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டா?

திட்டத்தில் அடிக்கடி விட்டுப்போகிறவை இவை. பெரிய பயணப் பெட்டிகள் மேல் தட்டில் படுக்க 600 ஆழமும் 350 உயரமும் கேட்கும். இஸ்திரிப் பலகை நிமிர்ந்து நிற்க 150 மி.மீ. சந்து வேண்டும். அழுக்குக் கூடை நடைவழியில்தான் உட்காரும், அதற்கென்று ஓரிடம் கொடுக்காவிட்டால். செருப்பில் ஆண்களுடையது ஒரு ஜோடிக்கு 250 மி.மீ., பெண்களுடையது 200 மி.மீ. அகலம். தோல் செருப்பையும் கோயில் துணியையும் ஒரே அலமாரியில் வைக்க நம்மில் பலருக்கு மனம் வராது. காவடி உடை, விரதத்துக்கு உடுத்துபவை, பூசைக்கான வேட்டி ஆகியவற்றை மேல் பக்கம் ஒரு தனிக் கதவுள்ள தட்டில் வையுங்கள். அதை முதல் வரைபடத்திலேயே எழுதிவிட்டால் பின்னால் பெட்டிக்குள் திணிக்க வேண்டியிருக்காது.

டிராயரை 1100 மி.மீ.க்கு மேல் வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, கையால் துழாவ வேண்டியதுதான்.

நகைப் பெட்டகம் பற்றி ஒரு வார்த்தை. அலமாரியின் அடிப்பலகையில் திருகாணி போட்டு மாட்டிய பெட்டகத்தைத் திருடன் பலகையோடு பெயர்த்துக்கொண்டு போவான். செங்கல் அல்லது கான்கிரீட்டில் விரியும் ஆணிகளால் இறுக்க வேண்டும். பெரிய படுக்கையறை உடை அறைதான் திருட வருபவர் முதலில் புகும் இடம் என்பதால் பெட்டகம் அங்கே இருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. காப்பீட்டு நிறுவனம் பெட்டகத்துக்கு என்ன நிபந்தனை வைத்திருக்கிறது என்று பாலிசியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

விளக்கு, பிளக், கண்ணாடி

நடைவழியின் நடுவே ஒரே ஒரு விளக்கை வைத்தால் உங்கள் நிழல் துணிமேல் விழும். கருநீலமா கறுப்பா, அரக்கா பழுப்பா என்று தெரியாமல் வெளியே எடுத்துப்போய்ப் பார்க்க வேண்டும். ராடுக்கு முன்னால், தட்டின் முன் ஓரத்தில் எல்இடி பட்டை ஓடட்டும். வெளிச்சம் 3000 முதல் 4000 கெல்வினுக்குள், நிறத்தைச் சரியாகக் காட்டும் குறியீடு (CRI) 90க்கு மேல். பெட்டியில் இந்த இரண்டு எண்ணும் எழுதியிருக்கும். சூடாகும் ஹாலோஜன் விளக்கைத் துணிக்கு அருகில் வைக்கவே கூடாது. மின்வெட்டு குறைந்திருந்தாலும் பேட்டரியில் எரியும் சிறு விளக்கு ஒன்று அங்கே இருக்கட்டும், உடை அறைகளில் பெரும்பாலும் ஜன்னல் கிடையாது.

இஸ்திரிக்கும் ஈரநீக்கிக்கும் இரண்டு பிளக் வேண்டும், அலமாரி அதை மறைக்காத இடத்தில். வயரிங் வேலையைப் பதிவுபெற்ற மின்பணியாளரிடம் கொடுத்து இணக்கச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு விற்கும் நாளில் இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாகாத சான்றிதழ் தேவைப்படும், இடையில் யாரோ இழுத்துவிட்ட வயர் அப்போது தலைவலியாகும். அதேபோல் உடை அறைக்காகச் சுவரை வெளியே நீட்டுகிறீர்கள் என்றால் டர்பனின் ஈத்தெக்வினி நகராட்சியிடம் வரைபட அனுமதி வாங்கிய பிறகே வேலை தொடங்க வேண்டும்.

கண்ணாடியில் முழு உருவம் தெரிய உங்கள் உயரத்தில் பாதி நீளம் போதும், சரியான உயரத்தில் மாட்டினால். எவ்வளவு தள்ளி நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. வீட்டில் குட்டையும் நெட்டையும் இருப்பதால் 1200 மி.மீ. கண்ணாடி நல்லது. ஆனால் புடவை கட்ட இடம் வேண்டுமே! கொசுவம் பிடித்து, முந்தானையை வீசித் தோளில் போட ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் வெற்றிடம் வேண்டும். 900 மி.மீ. நடைவழியில் அது நடக்காது. அறை சிறியதென்றால் பெரிய கண்ணாடியைப் படுக்கையறையில் மாட்டிவிடுங்கள், உடை அறையில் முகம் பார்க்க ஒன்று போதும்.

பொருத்தும் நாள்

இறுதி அளவு எடுப்பது தரை ஓடு, பூச்சு, கூரையோரச் சட்டம் எல்லாம் முடிந்த பிறகுதான். பழைய வீட்டுச் சுவர் மேலே ஒரு அகலம், கீழே ஒரு அகலம் இருக்கும். மூன்று உயரத்தில் அளந்து சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அடிச்சுவர்ப் பட்டையின் கனத்தைக் கழிக்க மறந்தால் அலமாரி சுவரோடு சேராது. இரு ஓரத்திலும் 20 மி.மீ. நிரப்புப்பட்டைக்கு இடம் விட்டால் சுவர் எவ்வளவு கோணலானாலும் சமாளிக்கலாம், டிராயரும் கதவுச் சட்டத்தில் இடிக்காமல் வெளியே வரும்.

தச்சருக்கு முன்பணம் கொடுக்கும் முன் உயரம், ஆழம், ராடு இடம், பலகை வகை, ஓரப்பட்டை, கீல் வகை எல்லாம் எழுதிய வரைபடத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள். பிளாஸ்டர்போர்டு தடுப்புச் சுவரில் மாட்டுகிறார் என்றால் உள்ளே மரச்சட்டம் இருக்கும் இடம் பார்த்துத் துளை போடச் சொல்லுங்கள். முடிந்த அன்றே ராடை இரு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். தச்சர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை, துணி அதைவிடக் கனம்.

புதுப் பலகையின் நெடி போகும்வரை, ஒரு வாரமாவது எல்லாக் கதவையும் டிராயரையும் திறந்து காற்றாட விடுங்கள். முதலில் காட்டன் துணிகளை வைத்து, ஈரமானியை ஒரு மழை வாரம் முழுக்கப் பாருங்கள். 60க்குக் கீழே நிற்கிறது என்றால் பட்டுகளை உள்ளே கொண்டு வரலாம். நிற்கவில்லை என்றால் பிளிந்துத் துளைகளும் குளியலறைக் கதவும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. மூன்று மாதம் கழித்து ஒரு திருப்புளியோடு வந்து எல்லாக் கீலையும் ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள். துணி கனத்தில் அவை அதற்குள் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.